6,742 சாம்பிள்களில் ஒரு சுருதி

எங்கள் தொடர்மாடியில் எனக்கு இரண்டு தளம் கீழே ஒரு சங்கீத ரீச்சர் இருக்கிறார். சனி, ஞாயிறு காலைகளில் அவர் வீட்டு வாசலில் தொடங்கும் பிள்ளைகளின் செருப்பு வரிசை லிப்ட் வரைக்கும் வந்துவிடும். அவரிடம் இருந்த இலத்திரனியல் சுருதிப்பெட்டிக்கு வயதாகிவிட்டது. குமிழைத் திருகி ஏழு மணிக்குச் சுருதி சேர்த்து வைத்தால், ஒன்பது மணி வகுப்பு வருவதற்குள் அது மெல்ல இறங்கியிருக்கும். பிள்ளைகளும் அதோடு சேர்ந்து இறங்குவார்கள்.

"பெட்டி இறங்கினாப் பரவாயில்லைத் தம்பி. பிள்ளையளின்ர காது இறங்கக்கூடாது" என்றார் ஒரு நாள் லிப்டில் வைத்து.

அந்த ஒரு வசனத்துக்காகத்தான் இந்த வேலையைத் தொடங்கினேன். நான் ஆய்வுகூட அளவீட்டுக் கருவிகளைத் திருத்துகிறவன். என் மேசையில் ஓர் ஆய்வுகூடம் கழித்துவிட்ட பழைய அனலொக் அவுட்புட் கார்ட் ஒன்று கிடந்தது. யூஎஸ்பியில் லப்டொப்போடு பூட்டலாம். 16 பிட், கூட்டல் கழித்தல் 10 வோல்ட், விநாடிக்கு 250,000 சாம்பிள் வரை போகும். உள்ளே 20 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல், அதாவது விநாடிக்கு இரண்டு கோடி தடவை துடிக்கும் கடிகாரம். எண்களைக் கொடுத்தால் அவற்றை மின்னழுத்தமாக மாற்றி வரிசையாக வெளியே விடும், அவ்வளவுதான் அதன் வேலை. அப்படிக் கொடுக்கும் ஒவ்வோர் எண்ணும் ஒரு சாம்பிள். சுருதி என்பது மாறாத மீடிறன் கொண்ட இரண்டு மூன்று அலைகள் (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அதிர்வெண், எங்கள் பாடப்புத்தகத்தில் படித்த சொல்லை என்னால் விட முடியவில்லை). இந்தக் கார்டுக்கு அது ஒரு பெரிய விஷயமா? "ஒரு கிழமை தாங்கோ ரீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்தேன். நான்கு மாதம் எடுத்தது.

முதல் நாள் இரவு 440 ஹெர்ட்ஸ் ஒலியைத் தயார்செய்து கீழே கொண்டுபோனேன். ரீச்சரிடம் அவருடைய குரு கொடுத்த இசைக்கவை ஒன்று உண்டு. அதில் 440 என்று பொறித்திருக்கும். 1939இல் இலண்டனில் நடந்த மாநாட்டில் ஒத்துக்கொண்ட எண் அது. 1955இல் சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவும் அதை ஏற்றது. என் ஒலியும் அதே 440 என்பதால் இரண்டும் ஒன்றாக நிற்கும் என்று நினைத்தேன். அவர் கவையை முழங்காலில் தட்டி, அடியை மேசையில் ஊன்றினார். கண்ணை மூடினார். நான்கைந்து விநாடிதான் கேட்டிருப்பார்.

"சேரேல்லைத் தம்பி. அலை அடிக்குது."

எனக்கும் கேட்டது. கிட்டத்தட்ட விநாடிக்கு ஒரு தடவை ஒலி எழுந்து அடங்கியது. உயர்தரப் பௌதிகவியலில் அடிப்பு என்று படித்தோமே, அதுதான். இரண்டு ஒலிகளுக்கும் இடையே எத்தனை ஹெர்ட்ஸ் வித்தியாசமோ, விநாடிக்கு அத்தனை அடிப்பு. அப்படியானால் எங்கள் இருவருக்கும் இடையில் ஏறக்குறைய 1 ஹெர்ட்ஸ் வித்தியாசம் இருக்கிறது. மனிதக் காது தனியாக ஓர் ஒலியைக் கேட்டு இவ்வளவு சிறிய பிழையைச் சொல்வது கடினம். இரண்டை ஒன்றாக ஒலிக்கவிட்டால், சங்கீதம் தெரியாத என் காதுக்கே தெரிகிறது. இதைவிட மலிவான, இதைவிடக் கூர்மையான அளவுகருவி என் மேசையில் இல்லை.

நான் செய்தது இதுதான். சாம்பிள் வேகம் விநாடிக்கு 44,100 என்று கேட்டிருந்தேன். ஒலி என்றதும் சீடி காலத்திலிருந்தே கையில் வருகிற எண் அது. 2,205 சாம்பிள்களில் சரியாக 22 சுற்று சைன் அலை வரைந்து, அந்தத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். 44,100ஐ 2,205ஆல் வகுத்தால் 20. இருபது தடவை 22 சுற்று, 440. கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

கார்டிடம்தான் 44,100 இல்லை. அதனிடம் இருப்பது 20 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு ஒன்றும், அதை எண்ணும் ஓர் எண்ணியும் மட்டுமே. இத்தனை துடிப்புக்கு ஒரு சாம்பிள் என்று முழு எண்ணால்தான் வகுக்க முடியும். 20,000,000ஐ 44,100ஆல் வகுத்தால் 453.51 வரும். அரைத் துடிப்பு என்று ஒன்று கிடையாது. ஆகவே கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் ஒரு பிழையும் காட்டாமல் 453ஐ எடுத்துக்கொண்டது. உண்மையில் ஓடிய வேகம் விநாடிக்கு 44,150.11 சாம்பிள். என் 440 அதனால் 440.5 ஆகிவிட்டது.

ஒரு வேகத்தைக் கேட்டபின், "உண்மையில் என்ன வேகம் தந்தாய்?" என்று அதே டிரைவரிடம் திருப்பிக் கேட்க ஒரு வழி இருக்கிறது. கேட்டால் 44,150.11 என்று நேர்மையாகச் சொல்லும். இத்தனை வருடத்தில் நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அதிர்வு உணரிகளைச் சோதிக்க 159.15 ஹெர்ட்ஸ் அனுப்புவோம் (ஏன் இப்படி ஒரு கோணல் எண் என்றால், அது விநாடிக்கு சரியாக 1,000 ரேடியன்). அந்த வேலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு மீடிறன் பிழையை யாரும் கவனிப்பதில்லை. அதோடு அங்கே நான் கேட்பதெல்லாம் 10,000, 20,000 என்று 20 மெகாஹெர்ட்ஸைச் சரியாக வகுக்கும் எண்கள். பிழை தலைகாட்ட வழியே இருக்கவில்லை. ஒரு சங்கீத ரீச்சரின் காது வந்துதான் அதைக் காட்டியது.

சரி, அடுத்த நாள் வேகத்தை 50,000 ஆக்கினேன். வகுஎண் 400, மீதி இல்லை. 1,250 சாம்பிளில் 11 சுற்று வரைந்தால் 440 அச்சொட்டாக வரும். நம்பிக்கையோடு கீழே போனேன். கவையைத் தட்டினார். அலை மெதுவாகியிருந்தது, நிற்கவில்லை. இரண்டரை விநாடிக்கு ஒன்று.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. மீதி 0.4 ஹெர்ட்ஸ் எங்கிருந்து வருகிறது? கார்டின் கிறிஸ்டல் கெட்டுப்போய்விட்டதா? அப்படியென்றால் அது பத்து இலட்சத்தில் 900 பங்கு பிழை. சாதாரண கிறிஸ்டல்கூட 50 பிபிஎம், அதாவது பத்து இலட்சத்தில் 50 பங்குக்குள் நிற்கும். ஆனால் பழைய கார்ட், உறுதியாகச் சொல்ல முடியாது. கிறிஸ்டலை அளக்க வேண்டும்; அளப்பதற்கு அதைவிட நம்பகமான ஒரு கடிகாரம் வேண்டும்.

சுவரில் வரும் 50 ஹெர்ட்ஸை வைத்து அளந்தால் என்ன என்று ஒரு கணம் நினைத்தேன். உடனே கைவிட்டேன். இலங்கையின் மின்வலையமைப்பு தனித்தீவு. இந்தியாவோடு இணைப்பு இல்லை. ஒரு பெரிய இயந்திரம் நின்றாலோ சுமை கூடினாலோ எங்கள் 50 தளம்பும். அளவுகோலே ஆடினால் எதை அளப்பது?

வானத்தில் இருக்கிறது நல்ல கடிகாரம். ஜிபிஎஸ் செய்மதிகளில் அணுக்கடிகாரங்கள் ஓடுகின்றன. சிறிய ஜிபிஎஸ் தொகுதி ஒன்றுகூட விநாடிக்கு ஒரு துடிப்பைத் தனிக் கம்பியில் தரும். எங்கள் பல்கனி கடலைப் பார்த்தது. கீழே கரையோர ரயில் பாதை, அதற்கு அப்பால் தடையில்லாத மேற்கு வானம். அன்டனாவைக் கிரில்லில் கட்டினேன். (கட்டும்போதே பழைய இணைப்பான் ஒன்று கையோடு உதிர்ந்தது. கொழும்பு வெள்ளவத்தையின் உப்புக்காற்றில் இரண்டு வருடம் வெளியே இருந்த உலோகம் எதையும் நம்பக்கூடாது.) கார்டில் 32 பிட் எண்ணி ஒன்று உண்டு. ஒரு ஜிபிஎஸ் துடிப்பில் தொடங்கி, 100 விநாடி கழித்து வரும் துடிப்பு வரைக்கும் தன் சொந்த 20 மெகாஹெர்ட்ஸை எண்ணும்படி வைத்தேன். 32 பிட்டில் ஏறத்தாழ 4,295 மில்லியன் வரை எண்ணலாம். 100 விநாடிக்கு 2,000 மில்லியன், இடம் போதும்.

வந்த எண் 2,000,046,000க்குச் சற்று இங்கும் அங்கும். 23 பிபிஎம் கூடுதல். பகலில் ஒரு தடவை, நள்ளிரவில் ஒரு தடவை எடுத்தேன். வித்தியாசம் 2 பிபிஎம்கூட இல்லை. குளிர்காலம் என்று ஒன்று இல்லாத ஊரில் கிறிஸ்டலுக்கு நிம்மதியான வாழ்க்கை. 440இல் 23 பிபிஎம் என்றால் 0.01 ஹெர்ட்ஸ். ஒரு அலை எழுந்து அடங்க 100 விநாடி. கிறிஸ்டல் குற்றவாளி இல்லை.

அப்படியானால் இசைக்கவையா? ரீச்சரிடம் இதை எப்படிச் சொல்வது? குரு கொடுத்த கவை.

தேடிப் படித்தபோதுதான் புரிந்தது. இசைக்கவைகளை 20 பாகை செல்சியசில் சரியாக ஒலிக்கும்படி செய்கிறார்கள். வெப்பம் கூடினால் உருக்கின் விறைப்பு குறைகிறது. கவை மெதுவாக அதிர்கிறது. வழக்கமான உருக்குக் கவைக்கு ஒரு பாகைக்கு ஏறத்தாழ 86 பிபிஎம். ரீச்சர் வீட்டு முன்னறை அன்று பின்னேரம் 30 பாகை. பத்துப் பாகைக்கு 860 பிபிஎம், 440இலிருந்து 0.38 ஹெர்ட்ஸ் இறக்கம். இரண்டரை விநாடிக்குச் சற்றுக் கூட ஒரு அலை! நான் கேட்டது அதேதான். முதல் நாள் என் பக்கம் அரை ஹெர்ட்ஸ் மேலே, கவை பக்கம் 0.38 கீழே, இரண்டும் சேர்ந்துதான் அந்த விநாடிக்கு ஒரு அடிப்பு.

கவையைப் படுக்கையறைக்குக் கொண்டுபோய் ஏசியை 22இல் வைத்து, ஒரு மணித்தியாலம் அங்கேயே விடச் சொன்னேன். பிறகு ஸ்பீக்கரையும் அங்கே தூக்கிக்கொண்டு போனோம். தட்டினார். கேட்டோம். அலை எழவில்லை. அப்படி ஓர் அலை இருந்தாலும் 13 விநாடிக்கு ஒன்றுதான் இருக்கும்; கவை அதற்குள் அடங்கத் தொடங்கிவிடும். ரீச்சர் கவையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "குளிருக்குள்ள இருந்தாத்தான் இது சரியாப் பாடுமா?" என்று கேட்டார். நாற்பது வருடமாகக் கூடவே வைத்திருந்த பொருளைப் பற்றி ஒரு புதுச் செய்தி அறிந்த சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. நான் பயந்ததுபோல அவர் மனம் நோகவில்லை.

இனி உண்மையான வேலை, சுருதி. ரீச்சர் பாடுவது ஐந்தரைக் கட்டை. ஆர்மோனியத்தில் ஐந்தாம் ஆறாம் வெள்ளைக் கட்டைகளுக்கு இடையிலுள்ள கறுப்புக் கட்டை. 440ஐ ஆறாம் கட்டையாக வைத்தால் பெண் குரலின் ஐந்தரைக் கட்டை ஷட்ஜம், அதாவது 'ச', 207.652 ஹெர்ட்ஸ்.

விநாடிக்கு 50,000 சாம்பிளில் ஒரு சுற்றுக்கு 240.787 சாம்பிள் வேண்டும். 241 என்று எடுத்தால் 207.47, 240 என்றால் 208.33. இரண்டும் உதவாது. ஒரு விநாடி நீளத் துண்டு எடுத்து அதில் 207.652 சுற்றை அப்படியே வரைந்தால், துண்டின் முடிவில் அலை பாதிச் சுற்றுக்குச் சற்று அப்பால் அறுந்து நிற்கும். மறுபடி தொடக்கத்துக்குப் போகும்போது மின்னழுத்தம் துள்ளும். விநாடிக்கு ஒரு 'டக்'. நான் இதையும் ஓடவிட்டுக் கேட்டேன். வகுப்பில் யாரோ விரலால் மேசையைத் தட்டுவதுபோல இருந்தது.

ஆக, துண்டுக்குள் முழு எண்ணிக்கையில்தான் சுற்றுகள் இருக்க வேண்டும். அதன் நீளமும் முழு எண். கிறிஸ்டலை வகுக்கும் எண்ணும் முழு எண். வெளியே வரும் மீடிறன் என்பது, 20 மெகாஹெர்ட்ஸைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கி, வகுஎண்ணாலும் துண்டின் நீளத்தாலும் வகுத்தது. மூன்று முழு எண்கள். நான் ஒரு தசம எண்ணைத் தட்டெழுதினால் கார்ட் அதைத் தரும் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். அது தருவது எப்போதும் ஒரு பின்னம். நமக்குப் பிடித்த பின்னத்தை நாம்தான் தேடிக் கொடுக்க வேண்டும்.

தேடுவது மிக இனிமையான வேலை. 240.787ஐ 2ஆல், 3ஆல், 4ஆல் என்று பெருக்கிக்கொண்டே போய், எங்கே முழு எண்ணுக்குக் கிட்ட வருகிறது என்று பார்ப்பதுதான். பதினான்கில் 3371.02 வருகிறது. 3,371 சாம்பிளில் 14 சுற்று: 207.6535 ஹெர்ட்ஸ். பிழை 0.0012. இன்னும் போனால் 47 சுற்றுக்கு 11,317 சாம்பிள். பிழை 1 பிபிஎம்முக்கும் குறைவு. இரண்டாவது எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்தது. ஆனால் கார்டின் உள் நினைவகத்தில் 8,191 சாம்பிள்தான் கொள்ளும். அதற்கு மேல் என்றால் லப்டொப் ஓயாமல் ஊட்டிக்கொண்டிருக்க வேண்டும். லப்டொப் ஒரு கணம் வேறு வேலையில் மூழ்கினால் ஒலி நின்றுவிடும். வர்ணம் பாடும்போது நடுவில் சுருதி நின்றதை ஒரு தடவை அனுபவித்தோம், போதும். அதைவிட, கிறிஸ்டலே 23 பிபிஎம் தள்ளி நிற்கும்போது கணக்கில் 1 பிபிஎம்முக்குக் கீழே போய் என்ன பயன்? 14 சுற்றின் பிழை 5.6 பிபிஎம். அதுவே தாராளம்.

அப்புறம் பஞ்சமம், அதாவது 'ப'. மந்தர ஷட்ஜம் (கீழ் ஸ்தாயி 'ச'), பஞ்சமம், மத்திய ஷட்ஜம் மூன்றும் சேர்ந்து ஒலிக்க வேண்டும். மந்தரத்துக்கு பாதி, 103.83. பஞ்சமத்துக்குக் கீபோர்ட் அட்டவணையைப் பார்த்து 155.56 என்று போட்டேன். ரீச்சர் கேட்ட மாத்திரத்தில், "பஞ்சமம் நிக்கேல்லை. இது கீபோட் பஞ்சமம்" என்றார். சுருதியில் பஞ்சமம் ஷட்ஜத்துக்குச் சரியாக மூன்றுக்கு இரண்டு. 103.826இன் ஒன்றரை மடங்கு 155.739. பன்னிரண்டு சம பங்காக வெட்டிய கீபோர்ட் அட்டவணையில் அது 0.18 ஹெர்ட்ஸ் குறைவு. எவ்வளவு சின்ன வித்தியாசம்! ஆனால் ஒவ்வோர் ஒலியோடும் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு மீடிறன்களும் அனுசுரங்களாகச் சேர்ந்து ஒலிக்கும். மந்தர ஷட்ஜத்தின் மூன்றாம் அனுசுரமும் பஞ்சமத்தின் இரண்டாம் அனுசுரமும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டியவை. அங்கே ஒன்று 311.48, மற்றது 311.13. மூன்று விநாடிக்கு ஒரு அலை. ரீச்சரின் காது பிடித்தது அந்தச் சந்திப்பை.

இந்த இடத்தில்தான் இந்தக் கார்டின் மீது எனக்கு மரியாதையே வந்தது. மூன்று ஒலியையும் ஒரே துண்டில் வரைகிறேன். துண்டின் நீளம் 6,742 சாம்பிள். மந்தர ஷட்ஜம் 14 சுற்று, பஞ்சமம் 21, மத்திய ஷட்ஜம் 28. இரண்டுக்கு மூன்றுக்கு நான்கு. நினைவகத்துக்குள் அடங்குகிறது. கிறிஸ்டல் 23 பிபிஎம் ஓடினாலும், வெயிலில் 50 ஓடினாலும், மூன்று ஒலிகளும் சேர்ந்தேதான் ஓடும். அவற்றின் விகிதத்தில் ஒரு துளிப் பிழை வர வழியே இல்லை, ஏனென்றால் 14, 21, 28 என்ற எண்களில் தசமம் இல்லை. பழைய பெட்டியில் ஷட்ஜத்துக்கு ஒரு குமிழ், பஞ்சமத்துக்கு ஒரு குமிழ்; இரண்டும் தனித்தனியாக இறங்கும். பாடுகிறவருக்கு முழுச் சுருதியும் ஒரு மயிரிழை ஏறி இறங்குவது தெரியாது. பஞ்சமம் ஷட்ஜத்தைவிட்டு விலகினால் அந்தக் கணமே தெரியும். முழு எண்கள் காப்பாற்றுவது அந்த உறவைத்தான்.

இவ்வளவும் செய்து ஓடவிட்டால், அடியில் ஒரு நடுக்கம். விநாடிக்கு நான்கு தடவை. இந்த முறை நான் கார்டைச் சந்தேகிக்கவில்லை. ரீச்சர் வீட்டுப் பழைய அம்பிளிபயரில் காதை வைத்தேன். இலேசான உறுமல். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நேராக்கியபின் எஞ்சும் அலை 100 ஹெர்ட்ஸ். மந்தர ஷட்ஜம் 103.83. நடுவில் 3.83. சுருதி இல்லாதபோது யாரும் கவனிக்காத உறுமல், ஐந்தரைக் கட்டையோடு மட்டும் சண்டை பிடித்தது. மின்வலையமைப்பு தளம்பும்போது நடுக்கத்தின் வேகமும் மாறியது. 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய், முதலாம் குறுக்குத் தெருவில் 4,700 மைக்ரோபரட் கப்பாசிட்டர் இரண்டு வாங்கி வந்து மாற்றினேன். உறுமல் அடங்கியது, நடுக்கமும் போய்விட்டது. அதே பயணத்தில் வாங்கிய 1 கிலோஓம் தடையும் 10 நானோபரட் கப்பாசிட்டரும் கார்டின் வாயிலில் இருக்கின்றன. படிப்படியாக வெளியேறும் மின்னழுத்தத்தின் ஓரங்களை மழுக்க. 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே குறைத்துவிடும். சுருதிக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

சைன் அலை மட்டும் கேட்கக் காய்ந்துபோய் இருக்கும். ஒவ்வொரு ஒலிக்கும் எட்டு அனுசுரங்கள் சேர்த்தேன். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்பதால் அவையும் அதே துண்டில் முழுச் சுற்றுகளாகவே அமர்ந்துவிடும். இப்போது அது பழைய காற்றுச் சுருதிப்பெட்டியைப் போல ஒலிக்கிறது. தம்புரா போல இல்லை. தம்புராவில் நூல் வைத்த தந்தியை மீட்டும்போது அனுசுரங்கள் ஒவ்வொன்றாக மலர்ந்து அடங்கும். என் துண்டோ 0.135 விநாடிக்கு ஒரு தடவை அதையேதான் திரும்பச் சொல்கிறது. "சுருதி சுத்தம். உயிர் கொஞ்சம் குறைவு" என்றார் ரீச்சர். அது சரியான தீர்ப்பு. ஆனால் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அசையாத சுருதிதான் வேண்டும் என்றும் அவரே சொன்னார்.

ஒரு பையன் சேர்ந்திருக்கிறான், குரல் உடைந்துவிட்டது, ஒரு கட்டை. 130.813 ஹெர்ட்ஸ். 50,000 வேகத்தில் தேடிப் பார்த்தால் இரண்டு, மூன்று, நான்கு விகிதத்தில் 64 பிபிஎம்முக்குக் கீழே ஒன்றும் கிடைக்கவில்லை. 50,000 என்ற அழகான எண்ணை ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்? வகுஎண்ணை 405 ஆக்கினேன். வேகம் 49,382.7 என்று கோணலாக வரும், ஆனால் 1,510 சாம்பிளில் 2, 3, 4 சுற்று 18 பிபிஎம்முக்குள் உட்கார்ந்துவிடுகிறது. வட்டமான எண்கள் கண்ணுக்கு நல்லவை. கார்டுக்கு எல்லா முழு எண்ணும் ஒன்றுதான்.

பிறகு வந்தது கடைசிச் சிக்கல். ஒரு பிள்ளைக்கு ஐந்தரை தாழ்வு, ஆறு எட்டவில்லை, நடுவில் வேண்டும். குமிழைத் திருகுவதுபோல மெல்ல ஏற்ற வேண்டும். வகுஎண்ணை 400இலிருந்து 399 ஆக்கினால் சுருதி ஒரேயடியாக 4.3 சென்ட் தாவும், அதாவது அரைக் கட்டை இடைவெளியில் நூற்றுக்கு 4.3 பங்கு. ரீச்சருக்கு அது படிக்கட்டுபோலக் கேட்டது. துண்டைத் திரும்ப ஓட்டும் முறையை இங்கே விட்டுவிட வேண்டியதுதான். அதற்குப் பதில், 32 பிட் எண் ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சாம்பிளுக்கும் அதோடு ஒரே அளவைக் கூட்டிக்கொண்டே போகிறோம். எண் நிரம்பி வழியும் ஒவ்வொரு தடவையும் ஒரு சுற்று முடிகிறது. கூட்டும் அளவை ஒன்று ஏற்றினால் மீடிறன் ஏறுவது 50,000ஐ 2இன் 32ஆம் அடுக்கால் வகுத்த அளவு, 0.0000116 ஹெர்ட்ஸ். எந்தக் காதுக்கும் அதில் படி தெரியாது. இதே முறையில் ஓடும் ஏடி9833 என்ற மலிவான சில்லை வாங்கலாமா என்று யோசித்தேன். அதில் 28 பிட். 25 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் ஒரு படி 0.093 ஹெர்ட்ஸ், வானொலி மீடிறன்களுக்கு ஒன்றுமே இல்லாத அளவு, 103 ஹெர்ட்ஸ் மந்தரத்துக்குக் கரடுமுரடு. கடிகாரத்தை 1 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கினால் 0.004 ஆகும். வேகம் கூடிய கடிகாரம்தான் நுட்பம் கூடியது என்று நினைத்திருந்த எனக்கு, இது தலைகீழாக இருந்தது.

எனக்குக் கார்டே போதும். லப்டொப்பை இந்த வேலைக்கென்றே ஒதுக்கி, வேறு எதையும் ஓடவிடாமல், சாம்பிள்களை ஊட்டுகிறேன். மூன்று ஒலிக்கும் மூன்று தனி எண் வைக்கவில்லை. ஒரே எண், அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு. குமிழை எவ்வளவு திருகினாலும் பஞ்சமம் ஷட்ஜத்தின் கையை விடாது. ஜிபிஎஸ்ஸால் அளந்த 20,000,460ஐக் கிறிஸ்டலின் உண்மை வேகமாகக் கணக்கில் போட்டதால், அந்த 23 பிபிஎம்மும் இல்லை.

போன சனிக்கிழமை காலை கீழே போனபோது ஏழெட்டுச் சின்னப் பிள்ளைகள் சரளி வரிசை பாடிக்கொண்டிருந்தார்கள். ரயில் ஒன்று பம்பலப்பிட்டிப் பக்கம் இரைந்துகொண்டு போனது. சுருதி அதற்குள் மறைந்து, ரயில் போனபின் அதே இடத்தில் திரும்பி வந்தது. ரீச்சர் என்னைக் கண்டு கையால் இருக்கச் சொன்னார். வகுப்பு முடிந்ததும், "ஆறுமாதம் போகட்டும் தம்பி, மத்தியமச் சுருதியும் வேணும்" என்றார். மத்தியமம் ஷட்ஜத்துக்கு மூன்றில் நான்கு. மந்தர ஷட்ஜம் மூன்று, மத்தியமம் நான்கு, மேலே ஷட்ஜம் ஆறு. படி ஏறும்போதே தேடத் தொடங்கிவிட்டேன்.